பிரசிடெண்டு வீட்டு ஓலை

மே 4, ஞாயிறு

காலையிலேயே வெயில். ஆலயத்தில் ஒரு மின்விசிறிதான் சுற்றியது. எனக்கும் ஜெபராஜுக்கும் முதல் கல்யாண ஓலையைப் போதகர் வாசித்தார். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம்." இன்னும் இரண்டு ஞாயிறு இதே கேள்வி. ஒருவரும் இருமக்கூட இல்லை.

போன பஞ்சாயத்துத் தேர்தலில் அப்பாவை எதிர்த்து நின்றவர் ஜெபராஜின் அப்பா. சம்பந்தியாகிவிட்டால் வரப்போகிற தேர்தலில் நிற்க மாட்டார். பதவிக்காலம் முடிந்தும் ஊருக்கு அப்பா இன்னும் பிரசிடெண்டுதான்.

ஹைதராபாத்தில் எனக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம். ஜூலையில் சேர வேண்டும். அப்பா, "கட்டிக்கிட்டுப் படி." மாப்பிள்ளை வீட்டார், "இனிமே என்ன படிப்பு?"

மே 7, புதன்

அருப்புக்கோட்டை. சேலை எடுக்க அம்மா, அத்தை, தங்கை ஷீபா, நான். கடைக்காரர் அத்தையிடம், "பிரசிடெண்டு வீட்டுப் பிள்ளைக்குச் சந்தனக் கலருதான் எடுப்பா இருக்கும்." சந்தனக் கலர். மறந்தவை: ஊக்கு, தலைவலி மாத்திரை.

திரும்பும்போது பஸ்ஸில் நூலகப் புத்தகம். அமெரிக்க ஜனாதிபதிகளின் மகள்களைப் பற்றியது. மாளிகையில் வளர்ந்தாலும் படுக்கையைத் தாங்களே சரிசெய்ய வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கும் பின்னால் காவலர். ஒருத்திக்கு மாளிகைத் தோட்டத்திலேயே கல்யாணம். காலி செய்து போகிற மகள்கள், புதிதாக வந்த சிறுமிகளுக்கு மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கச் சொல்லிக்கொடுத்தார்களாம். ஷீபாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"காவலு நமக்கும் இருக்குல்லக்கா. டவுனுல இறங்குனா டீக்கடையில இருந்து அப்பாவுக்குப் போன் போயிரும்."

"ம்."

"அவளுகள ஓட்டுக்காகக் கட்டிக் குடுத்தாகளா?"

"அப்படி எழுதலடி."

"எழுதுவாகளாக்கும்."

சிரித்தோம். முன்சீட்டிலிருந்து அத்தை திரும்பிப் பார்த்தார்.

மே 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அனல் காற்று.

இந்தக் கல்யாணம் வேண்டாமே என்று மதியம் அம்மாவிடம் கேட்டேன். குழம்பைக் கிளறிக்கொண்டே, "காடு ரெண்டு வருசமா விளையல. இந்தப் பதவியும் போச்சுன்னா ஒங்கப்பா மனுசனா இருக்க மாட்டாக." குழம்பில் உப்பு அதிகம்.

மே 15, வியாழன்

திருச்சுழிக்குச் சான்றிதழ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போதகர் வீட்டுக்குப் போனேன். எனக்குச் சம்மதமில்லை என்றேன்.

"சம்மதம்னு கையெழுத்துப் போட்டியேம்மா."

போடச் சொன்னார்கள், போட்டேன். அதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் நிறுத்துனா ஒங்கப்பா வேற சபையில போய் ஓலை வாசிக்க வைப்பாக. நீயே சபையில எந்திரிச்சுச் சொன்னா நான் நிறுத்தித்தான் ஆகணும். சொல்லுவியா?"

சொல்லுவேன் என்றேன்.

மே 17, சனி

நேற்று எழுதவில்லை. ஷீபாவிடம் மட்டும் சொன்னேன்.

மே 18, ஞாயிறு

மூன்றாம் ஓலை. வாசித்துவிட்டுப் போதகர் வழக்கத்தைவிட அதிக நேரம் நிறுத்தினார்.

எழுந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் குரல்: "பொண்ணுக்குக் கல்யாணத்துக்கு அதுக்குள்ள என்ன அவசரம்."

ஆலயம் முழுக்கச் சிரிப்பு. ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பாவும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படிச் சிரித்து நாளாயிற்று. பக்கத்திலிருந்த ஜெபராஜின் அப்பா அவர் தோளில் கை போட்டார்.

போதகர் சிரிக்கவில்லை. "என்னம்மா?"

ஷீபா என் முந்தானையை இழுத்தாள். "சொல்லுக்கா."

"ஒண்ணுமில்லைங்கய்யா" என்றேன்.

போதகர் ஓலையை மடித்து வைத்தார். பிறகு பாட்டு எண் சொன்னார்.