கயிற்றில் இறங்கிய சீசா

மூன்றாம் மாடி ஜன்னல்காரிக்கு,

பிரசவ விடுதிக்குள் கணவன்மாரை விடுவதில்லை. அதனால் ஆப்பிள் பொட்டலத்தில் இதைச் செருகுகிறேன்.

குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நம் மகள் குழாய் வழியே சில சொட்டுதான் குடித்தாள். மிச்சப் பாலைச் சீசாவில் ஊற்றிக் கயிற்றில் இறக்கிய அன்று, “சாக்கடையில கொட்டவா? உன் லேபுக்காவது ஆகட்டும், பிடி!” என்று கத்தினாயே, நோவோசிபிர்ஸ்க் நகரப் பனியில் நின்ற மற்றக் கணவன்மார் கைதட்டினார்கள்.

உன் பாலில் இருக்கும் எதிர்ப்பொருள் கிருமியைப் பிடிப்பதோடு நிற்கவில்லை. நொதியைப் போல டி.என்.ஏ. மரபிழையையே வெட்டுகிறது. எங்கள் லேப் தலைவி ஃபைனா அர்காதியெவ்னா நம்பவில்லை. “வேற ஏதோ நொதி ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நல்லா கழுவுப்பா,” என்றார். அமிலத்தில் கழுவினேன். அப்போதும் வெட்டியது. “உன் பெண்டாட்டி லேசுப்பட்டவ இல்ல,” என்றார். அதை நான் கல்யாணத்தன்றே கண்டுபிடித்துவிட்டேன், பிரசுரிக்கத்தான் இல்லை.

இன்று சீசா காலியாக இறங்கியது. கடைசிச் சோதனைக்குப் பால் இல்லையே என்று உன்னை முறைத்தேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய். மகள் பெட்டியை விட்டு வந்து உன்னிடமே குடித்துவிட்டாள் என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

“பால் எங்கே?” என்றார் தலைவி.

“உரியவங்க குடிச்சிட்டாங்க.”

அவர் பீக்கரில் லேப் ஸ்பிரிட்டை ஊற்றி, “உன் மகளுக்காகக் குடி,” என்று என்னிடம் நீட்டினார்.

நாளை சீசா வேண்டாம். அவளை ஜன்னலருகே தூக்கிக் காட்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கீழே நிற்பவன்