குப்புற வைத்த உருளை

எங்கிருந்தாலும் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு யோசித்துக்கொண்டிருக்கும் என் அக்காவுக்கு,

உன் பேத்தி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தச்சநல்லூர் மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தம் போட்டதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுவீட்டு விருந்தில் சொதிக் குழம்பும் நன்றாக அமைந்தது. நீ இருந்திருந்தால் இஞ்சித் துவையலில் ஏதாவது கண்டுபிடித்திருப்பாய்.

தாம்பூலப் பைகளை நான்தான் செய்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ பாளையங்கோட்டையில் ஓவிய வகுப்புக்குப் போய் பிரஷ் பிடித்தவள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கைப்பிடி போட்ட சின்ன ரப்பர் உருளை ஒன்றை வாங்கி, கண்ணாடித் துண்டில் பெயிண்டைப் பரப்பி, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் உருட்டி உருட்டி நானே படித்துக்கொண்டேன். பெயிண்ட் அதிகமானால் உருளை வழுக்கும். குறைந்தால் திட்டுத்திட்டாக விழும். கண்ணாடியில் ஓடும்போது சன்னமாகச் சரசரக்க வேண்டும். அப்போதுதான் தாளுக்குக் கொண்டுபோகலாம். இதையெல்லாம் நான் சொன்னால் நீ சிரிப்பாய்.

“ஏட்டி, சுவத்துக்கு வெள்ளையடிக்கதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

அப்படிக் கேட்ட நீதான், உன் படத்தில் வானம் கோடு கோடாக விழுகிறது என்று என் உருளையை இரவல் வாங்கிப் போனாய். நான் குத்திக் காட்டினேனா? ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

“எக்கா, கழுவுனா மல்லாக்க வை. ரப்பர் தரையில படக் கூடாது.”

“உருளைக்கு முதுகு எதுட்டி, வயிறு எது?”

கழுவினாய். சித்திரை வெயிலில் மாடிச் சுவர் மேல் குப்புற வைத்தாய். மறந்துபோனாய். என்னிடம் திரும்பி வந்தபோது ரப்பர் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. அதற்குப் பிறகு எந்த நிறத்தை உருட்டினாலும், அந்தச் சப்பை வரும் இடத்தில் தாள் நிறம் பிடிக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் குறுக்கே ஒரு வெளிறிய கோடு. “கழுவித்தானட்டி தந்தேன்” என்றாய். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

நான் மதுரையிலிருந்து வேறு உருளை வரவழைத்தேன். பழையதை, நீ வந்தால் உட்காரும் நாற்காலிக்கு எதிரே ஆணியில் தொங்கவிட்டேன்.

“இத இன்னுமா தூரப் போடல?”

“போட மாட்டேன். கண்ணுல படட்டும்.”

நீ சிரித்துக்கொண்டே காபி கேட்டாய். நான் சண்டை போடுவதுகூட உனக்குத் தெரியவில்லையே என்பதில்தான் எனக்குக் கூடுதல் கோபம்.

கல்யாணம் நிச்சயமானதும் உன் மகள் கோமதி, வண்ணார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தாள். தாம்பூலப் பை சித்தி கையால்தான் வேண்டும் என்றாள். புது உருளையில் குங்குமச் சிவப்பு ஏற்றி ஒரு தாள் போட்டுக் காட்டினேன். பட்டு மாதிரி இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? ஆணியிலிருந்து பழையதை எடுத்து, “உங்கம்மா செஞ்ச வேலையப் பாரு” என்று இன்னொரு தாளில் உருட்டினேன். கோடு விழுந்தது.

அவள் அந்தத் தாளை எடுத்தாள். ஈரச் சிவப்பு விரலில் ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“சித்தி, எனக்கு இதுதான் வேணும்.”

“கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? இது பழுது.”

“இருந்துட்டுப் போட்டும். மண்டபத்துல எல்லாரும் இருப்பாவ. அம்மா எங்கன இருப்பா?”

முடியாது என்றேன். பழுதான வேலையை ஊரார் கையில் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வராது. உன்னை மாதிரி அவளும் எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். அவள் அந்த ஈரத் தாளை விரித்துப் பிடித்தபடியே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கோடு கண்ட இடத்தில் விழுந்தால் பழுது, சரி. நான் சொல்லும் இடத்தில் விழுந்தால்?

உருளையின் ஓரத்தில், சப்பைக்கு நேராக, நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி மேலே பார்த்தபடி தாளின் விளிம்பில் ஆரம்பித்தால், அரைச் சுற்றில், நட்டநடுவில் கோடு விழுகிறது. சுற்று முடியும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். பையின் உயரத்தை அதற்குத் தக்கபடி வெட்டிக்கொண்டேன். கை பழகும்வரை தாள் வீணாகத்தான் செய்தது. பழகிய பிறகு ஒரு பைகூடத் தப்பவில்லை. எல்லாவற்றிலும் ஒரே இடம். உலர்ந்ததும் மடித்து ஒட்டி அனுப்பினேன். பைகள் போய்ச் சேர்ந்ததும் கோமதி போன் செய்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“கோடு எவ்வளவு நறுவிசா விழுந்திருக்கு. ஸ்கேல் வச்சுப் போட்டியளா?”

“எங்க அக்கா போட்டது.”

“அவிய வரலியா?”

பந்தி முடிந்து வாசலில் ஒரே கூட்டம். ஆளுக்கு ஒரு சிவப்புப் பை. 

“வந்திருக்கா” என்றேன்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. குப்புற வைத்தது தப்புதான். ஆனாலும் அந்த உருளையை நான் தூரப் போட மாட்டேன். கழுவித் துடைத்து அதே ஆணியில் மாட்டிவிட்டேன். நம் வீட்டில் இனி எந்த விசேஷம் வந்தாலும், என் கை ஓடும்வரை, பைக்கு நடுவில் உன் கோடு விழும். இது நான் தரும் வாக்கு.

மல்லாக்க வைக்கச் சொன்னதிலிருந்து இம்மியும் மாறாத,
உன் தங்கச்சி.