கெட்டி ஸ்பிரிங்கும் உன் முதுகும்

நேற்று மழை விட்டதும் வண்டிக் கதவைத் திறந்தேன். இரண்டு நாள் மூடியே கிடந்ததில் உள்ளே புழுங்கிப்போயிருந்தது. இடது சீட்டிலிருந்து நீ முதுகுக்குத் தேய்த்துக்கொள்கிற பச்சைத் தைலம் மணத்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. சீட் உறையைத் துவைத்தாயிற்று, வெயிலில் காயவைத்தாயிற்று. பஞ்சுக்குள் இறங்கிய தைலம் போவதாக இல்லை. நானும் பெரிதாக மெனக்கெடவில்லை. உனக்கு நான் செய்த முட்டாள்தனத்தை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

ரங்கூனில் ஆறு சிலிண்டர் வண்டியைத் தினமும் வேலைக்கு ஓட்டுகிறவன் பணக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கிறுக்கனாக இருக்க வேண்டும் என்பாய். நான் பபேடானில் சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இதில் எந்த வகை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. காலையில் மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதைக்குப் பின்னால் உன் வீட்டு வாசலில் உன்னை ஏற்றி, க்யிம்யிண்டைங் படகுத்துறையில் உன் ஆபீசில் இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் வந்து கடை திறப்பேன். எனக்கு அது சுற்று வழி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நாம் அதையெல்லாம் பார்த்ததில்லை.

உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நீ இல்லாமல் எனக்கும் ஓட்ட வராது. சாலையின் வலப்பக்கம் போகிற ஊர் இது. என்னுடையதோ ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிற பழைய ஜப்பான் வண்டி. முன்னால் லாரி போனால் எதிரே வருவது எனக்குத் தெரியாது, இடது சீட்டில் இருப்பவனுக்குத்தான் தெரியும். நீ கழுத்தை நீட்டிப் பார்த்து, "இரு... வரான்... இன்னொருத்தன் வரான்... யாபி!" என்பாய். ஆச்சு, போகலாம் என்கிற அந்த பர்மியச் சொல் காதில் விழுந்ததும் மிதிப்பேன். ஒரு தடவைகூட நான் சந்தேகப்பட்டதில்லை.

என்ஜின் இழுக்கிற இழுப்புக்குச் சஸ்பென்ஷன் ஈடுகொடுக்கவில்லை. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, பிரேக் போட்டால் மூக்கைத் தரையில் தேய்க்கப் பார்த்தது. புதுச் செட் வாங்க எனக்கு வக்கில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். வேகத்துக்கென்றே யாரோ தயார்செய்து, எங்கோ மோதி நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் நான்கும் ஷாக் அப்சார்பர் நான்கும் கிடைத்தன. குட்டையான, கெட்டியான ஸ்பிரிங். கூடவே பெரிய ரிம், அதைச் சுற்றி மெல்லிய டயர். மெக்கானிக் கோ மின் ஸ்பிரிங்கைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டால் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லோட பேரும் தெரியும்" என்று பர்மிய மொழியில் சொன்னார். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

மேம்பாலத்தில் முதல் வளைவு. வண்டி சாயவே இல்லை. நான் சின்னப் பையன் மாதிரி கத்தினேன். நீ கைப்பிடியைப் பிடித்தபடி சிரித்தாய். "இப்பத்தான்டா வண்டி தலையாட்டாம நிக்குது" என்றாய்.

நாலு மாதம் கழித்து உன் முதுகெலும்பில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். புற்றுநோய் வேறெங்கோ தொடங்கி அங்கே வந்திருந்தது. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. நான்தான் கூட்டிப்போவேன் என்று அடித்துச் சொன்னேன். வீடு திரும்பி நீ இறங்கும்போதெல்லாம், "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்பேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்பாய். எதிரே லாரி வரவில்லை என்று நீ சொன்னால் நம்புகிறவன், இதை நம்பாமல் இருப்பேனா?

ஆறு வாரம் ஆவதற்குள் நீ சாக்குச் சொல்ல ஆரம்பித்தாய். இன்றைக்கு மச்சினன் வருகிறான், இன்றைக்கு நேரம் மாறிவிட்டது, இப்படி. பிறகு பஸ் நிறுத்தத்தில் உன்னைப் பார்த்தேன். மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாக நின்றிருந்தாய்.

"ஏன்டா, என் வண்டி கசக்குதா உனக்கு?"

"காத்து வாங்கலாம்னு வந்தேன். நீ போய்க் கடையப் பாரு."

"பஸ்ல என்னடா காத்து?"

"போடா, பின்னாடி ஹார்ன் அடிக்கிறான்."

எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒரு வாரம் உன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம் நேருக்கு நேராகச் சண்டை போட்டுவிடலாம் என்று வந்தேன். நீ உள்ளே குப்புறப் படுத்திருந்தாய். உன் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தித் தணிந்த குரலில் சொன்னாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டியில போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு அவரால திரும்பிப் படுக்க முடியல. பஸ்ல கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே வந்தா தேவலையாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

என் வண்டியின் இடது சீட்டில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. மறுநாள் கோ மினை ஓட்டச் சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே வழியில் போனேன். எந்தப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும் என்பது ஸ்டியரிங் பிடித்திருப்பவனுக்கு முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவனுக்கு அடி நேராக இடுப்பில் விழும். தண்டவாளத்தைத் தாண்டும்போது எனக்குப் பல் கிட்டியது. எனக்கு நல்ல முதுகு. நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அவமானமாக இருந்தது.

அந்த ரிம்மை ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவனிடம் ரிம்மையும் ஸ்பிரிங்கையும் தள்ளிவிட்டேன். பதிலுக்கு டாக்ஸிக்காரர்கள் போடுகிற சின்ன இரும்பு ரிம்மும், சதைப்பற்றான டயரும், வண்டியோடு வருகிற சாதாரண ஸ்பிரிங்கும் வந்தன. ஷாக் மட்டும் புதிது, இருப்பதிலேயே மிருதுவானது. நைந்துபோன ரப்பர் புஷ் எல்லாவற்றையும் கோ மின் மாற்றினார். முதலிலேயே இதை மட்டும் மாற்றியிருந்தால் பாதிச் சாய்வு நின்றிருக்கும் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

உன்னை வலுக்கட்டாயமாக ஏற்றினேன். தண்டவாளத்தைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய்.

"என்னடா, சம்பான் படகு மாதிரி ஆடுது? நல்ல வண்டியக் கெடுத்துட்டியே."

"ஏன்டா மொதல்லயே சொல்லல?"

மருந்துப் பையை மடியில் நேராக வைத்தாய். "நீ ரொம்ப சந்தோஷமா ஓட்டிக்கிட்டு இருந்தே. வீட்ல எல்லாரும் என்னைப் பாத்தா மெதுவா நடக்கிறாங்க, மெதுவா பேசுறாங்க. நீ ஒருத்தனாவது எப்பவும் போல இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போதும் இருக்கிறது.

கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, பட்டப்பகலில், வண்டியிலேயே நீ தூங்கிவிட்டாய். படுக்கையில் தூக்கம் வராமல் பல வாரம் ஆகியிருந்தது. முன்னால் மணல் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போனேன். உன் வீட்டு வாசலில் நிறுத்தியதும் என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் விழித்துக்கொள்வாய் என்று பயம். பெட்ரோலுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற காலம் அது. எரிந்தால் எரியட்டும் என்று விட்டேன். உன் மனைவி வாசலுக்கு வந்தாள், பார்த்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரம் இருக்கும். நீ வாயைத் திறந்தபடி தூங்கினாய். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு நான் செய்ததில் என்னை உறுத்தாதது அந்த ஒரு மணி நேரம்தான்.

இப்போதெல்லாம் கடையில் யாராவது புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து "நல்லாருக்கு" என்றால் அப்படியே அனுப்புவதில்லை. தெருமுனை வரை நடந்துவிட்டு வரச் சொல்கிறேன். திரும்பி வந்ததும் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேட்கிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். உன்னை அந்தக் கெட்டி ஸ்பிரிங்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குப் பதினோரு தடவை ஓட்டியிருக்கிறேன். பதினோரு தடவையும், எப்படி இருந்தது என்று உன்னைக் கேட்டிருக்கிறேன். பதினோரு தடவையும் சாலையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.