மண்ணில்லாத பாறையில் பூத்தது

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாய் இருந்த என் கோமதிக்கு,

போனக்காட்டுப் பாறையில் இந்த வருஷமும் அந்தச் செடி பூத்துவிட்டது. நேற்று ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். நீ இல்லாமல் முதல் தடவை. வேறு யாரிடம் சொல்வேன்?

கல்யாணமான புதிதில், எஸ்டேட் பள்ளிக்கூட வேலையை விடச் செய்து என்னைக் கையோடு அழைத்துப்போகத்தானே கரமனை அக்கிரகாரத்திலிருந்து வந்தாய்? "அட்டை கடிக்கற காட்டுல நான் குடித்தனம் பண்ணமாட்டேன். ஒண்ணு நான், இல்லேன்னா இந்த வேலை." நான் வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழே போகும் லாரியில் உனக்கு இடமும் சொல்லியாகிவிட்டது.

முந்தின நாள், கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் உன்னைப் பார்க்க வந்தாள். நாளெல்லாம் தேயிலை பறிக்கிற அந்தப் பெண்கள் தங்களுக்கென்று கொதிக்கவைத்துக் குடிப்பது மலைச்செடியின் இலையையும் பூவையும்தான். உனக்கும் ஒரு பிடி கொண்டுவந்தாள். வந்தவளுக்கு வெறும் கஷாயமா கொடுப்பது என்று நீ பால் விட்டுக் காய்ச்சினாய். இலை புளிப்பு. பால் திரிந்துவிட்டது.

"என்ன சார்வீட்டம்மா, டீ கேட்டா தயிரு தாரீக?" என்று சிரித்தாள். உன் முகம் சிவந்துவிட்டது. "வாங்க, அந்தச் செடி நிக்கிற எடத்தப் பாத்தா, அதுக்குப் பால் வேணுமான்னு தெரிஞ்சுபோவும்."

ஏறினோம். மூடுபனி விலகியது. ஒரு பிடி மண்கூட இல்லாத கரும்பாறை. அதன் பிளவெல்லாம் பூ. ஒவ்வொன்றும் சோற்றுப் பருக்கை அளவுதான், ஆனால் சரிவு முழுக்க வெள்ளை. தேனீக்களின் இரைச்சல் பாறைக்குள்ளிருந்தே வருவதுபோல இருந்தது.

"ஏன்னா, மண்ணே இல்லையே! எதைத் தின்னுண்டு இப்படிப் பூக்கறது?"

விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல வேர் பனியின் ஈரத்தை இழுக்கிறது என்று பாடம் தொடங்கினேன். "சித்தே சும்மா இருங்கோளேன்." எந்த உதாரணமும் அந்த வெள்ளைக்குப் போதவில்லை.

பேச்சியம்மாள் அங்கேயே சுள்ளி மூட்டிக் கொதிக்கவைத்து, தன் தம்ளரில் ஊற்றித் தந்தாள். வழக்கப்படி அண்ணாந்து தூக்கிக் குடிக்கப் பார்த்தாய். மலைக்காற்று அடித்து, பாதி புடவையில் சிதறியது. பிறர் தம்ளரை எச்சில்படுத்தி அறியாத அக்கிரகாரத்துப் பெண் நீ. பூக்களை ஒருமுறை பார்த்தாய். பிறகு தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தாய். அவளும் அதே தம்ளரில் தனக்கு ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் லாரி ஹாரன் அடித்தது. உன் டிரங்குப் பெட்டியைத் தூக்கினேன்.

"கீழ வைங்கோ. பூ உதிர்ற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

பூ உதிர்ந்தது. நீ போகவில்லை. நான் ஓய்வு பெறும்வரை போகவில்லை. அன்று எது உன்னை நிறுத்தியது? பூவா, அந்த ஒரு வாய் கஷாயமா? நான் கேட்டதேயில்லை.

முழங்கால் விடுகிறவரை வருஷாவருஷம் ஏறுவேன், கோமதி. ஏற முடியாமல் போனால் அடிவாரத்தில் நின்றாவது அந்த வெள்ளையைப் பார்ப்பேன். பார்த்ததை உனக்குச் சொல்லாமல் இருக்கமாட்டேன்.

என்றும் உன் ஆத்துக்காரன்