திருடனிடம் சொன்ன நான்கு சொற்கள்

அன்பு சுபத்ராவுக்கு,

ஒரு திருடனை "சார்" என்று கூப்பிட்ட உன் வீட்டுக்காரன் ஷார்ஜாவிலிருந்து எழுதுவது. நீயும் தீபாவும் சுகம்தானே? நான் சுகம்.

தீபா படிப்புக்குச் சேர்த்த டிஜிட்டல் காசை, போனில் இருக்கும் கிரிப்டோ காசை, ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். தாம்பரம் ஸ்டாண்டில் நம் வண்டியைப் பூட்டிவிட்டு, ரயிலேறி வண்டலூரில் இறங்கி அதே மாதிரி வேறு வண்டி எடுப்பது போலத்தான். காசு நடுவழியில் நின்றதும் பயந்து, உதவி கேட்டு இணையத்தில் என் நம்பரைப் போட்டேன். ஒருவன் கூப்பிட்டான், நம்மூர்த் தமிழ். "கணக்கைத் திறக்கிற ரகசியச் சொல் பன்னிரண்டையும் சொல்லுங்க, சரி பண்ணிடலாம்" என்றான். நான்கு சொல்லிவிட்டேன். கூட இருக்கும் கலீல் போனைப் பிடுங்கி, "அது பீரோ சாவிண்ணா, யாராச்சும் தருவாங்களா?" என்று திட்டினான்.

நடுவழியில் நின்ற காசு கொஞ்ச நேரத்தில் தானே வந்து சேர்ந்தது, தப்பித்தது. நான்கு சொல் வெளியே போய்விட்டதால் புதுக்கணக்கு திறந்து, அதன் முகவரியைச் சரிபார்த்து, முதலில் துளி அனுப்பி, அது சேர்ந்த பிறகே மீதியை அனுப்பினோம்.

மழைக்கு முன் மோட்டாரை மேலே ஏற்று. தீபாவைப் போனில் அவசரமில்லாமல் பேசச் சொல். டூட்டி வண்டி வந்துவிட்டது.

"எப்படிண்ணா அவனை நம்புனீங்க?" என்று கலீல் கேட்டான். சிரித்து மழுப்பினேன். போனை எடுத்ததும் அந்தத் திருடன், "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

தட்சிணாமூர்த்தி