நித்திரையைக் குழப்பவில்லை

04.03.2024, திங்கள்
இஞ்சாருங்கோ,
பள்ளிக்கூடம் போகிறேன். புட்டு மூடியிருக்கிறது. உங்களைத் துறைமுகத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கடிதம் வைத்தெடுக்க நமக்கு இந்தச் சீனிப்பேணிதான் தபாற்கந்தோர்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்த கேற்றுச் சத்தம் கேட்டதும் விளக்குமாறோடு முற்றத்தில் நின்றீர்கள். கன்னத்தில் பாய்த்தடம்! யாரை ஏய்க்கிறீர்கள்? இரவு முழுக்க இழுவைப்படகில் கயிறு இழுத்த மனிசன் பகலில் படுத்தால் களவா? ஒருநாள் லீவு எடுத்துப் படுங்கோ.

எனக்கு இடது தோள் கொஞ்சம் உளைவு. வேறொன்றுமில்லை.
உங்கள் குணேஸ்வரி

06.03.2024, புதன்
அன்பின் குணேசுக்கு,
பிடித்துவிட்டீர், கள்ளி! நீர் வகுப்பில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வர, நான் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தால் மனம் ஒப்புதில்லை. "பகலில முதுகை நீட்டுறவன் ஆம்பிளையோ?" என்று என்னைப் பெத்த அப்பு கத்தியது இன்னும் காதில் நிற்கிறது.

சரி, உமக்காக ஞாயிறு லீவு. என் முறைக்கு, படகில் என்னோடு வேலை செய்யும் திலக்சன் நிற்கிறான். எவர் வந்தாலும் எழும்பமாட்டேன், பாரும்.
சின்னராசா

10.03.2024, ஞாயிறு பின்னேரம் இரண்டரை
இஞ்சாருங்கோ,
எவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்படி வாய் திறந்து நித்திரை! கதவடியில் நின்று கனநேரம் பார்த்தேன். மீன்காரன் கூவியும் அசையவில்லை.

தோள் உளைவு நெஞ்சுக்கும் வந்துவிட்டது. வாயுவாக இருக்கும். வாசலில் வந்து நிற்கும் ஹஸனின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன். "அண்ணனையும் எழுப்பட்டோ, அக்கா?" என்று கேட்டான். "வேண்டாம், அந்த மனிசன் இண்டைக்குத்தான் படுத்திருக்கு" என்றேன்.

படுத்திருங்கோ. வந்து தேத்தண்ணி போடுகிறேன்.
குணேஸ்

10.04.2024, புதன்
அன்பின் குணேசுக்கு,
நேற்று உமது முப்பத்தோராம் நாள் கிரியை. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

பாதி வழியிலேயே உமது தலை சாய்ந்துவிட்டதாம். ஹஸன் சொல்லிச் சொல்லி அழுதான். அன்று நான் ஐந்து மணிக்குத்தான் எழும்பினேன். உடம்பு பஞ்சுபோல இருந்தது. சிரித்துக்கொண்டே சீனிப்பேணியைத் தூக்கினேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது.

செத்தவீடு முடிந்த பிறகு ஒரு பகலும் படுக்கவில்லை. லீவு நாளிலும் படகுக்குப் போனேன். முந்தாநாள் கயிறோடு நானும் கடலில் விழப்பார்த்தேன். திலக்சன் என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தான். "அண்ணை, வீட்ட போய்ப் படுங்கோ. அக்கா கடைசியா எழுதினதும் அதைத்தானே?" என்றான்.

ஓம், அதைத்தான் எழுதினீர்; அவனுக்கும் காட்டியிருந்தேன். கோபத்தில் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன், மனம் வரவில்லை.

இன்றைக்குப் படுக்கப் போகிறேன். நீர் விரித்த அதே பாய். கேற்றைப் பூட்டவில்லை; அறைக் கதவும் திறந்திருக்கிறது. வழக்கம்போல இதைச் சீனிப்பேணிக்குக் கீழே வைக்கிறேன்.

குணேஸ், நெஞ்சு நொந்தால் என்னை எழுப்பும்.
உமது சின்னராசா