ஒலுமோ பாறையில் என் செருப்பு

சனிக்கிழமை, பத்து பகாட், மலேசியா

நைஜீரியாவிலிருந்து நேற்றுத்தான் வீடு திரும்பினேன். துணித் தொழிற்சாலை வேலையாகப் போன இடத்தில், யொரூபா மக்கள் போர்க்காலத்தில் ஒளிந்து பிழைத்த ஒலுமோ பாறையைப் பார்த்தேன். அங்கே அவர்கள் கும்பிடும் குகை உண்டு என்றதும், பழக்கதோஷத்தில் செருப்பை அடிவாரத்திலேயே கழற்றிவிட்டு ஏறினேன்.

உச்சி வெயில். பாதி வழியில் கால் பொசுங்கியது. திரும்பினால், வழிகாட்டியாக வந்த பெண் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என் அம்மா வயது. “உங்கள் வழக்கம் போலிருக்கிறது, அதனால் தடுக்கவில்லை” என்றார். கூசிப்போய் மன்னிப்பு மட்டும் கேட்டேன். அவர் இல்லையென்றால் இறங்கியே இருக்க மாட்டேன்.

இன்று மனைவி கேட்டாள்: “அலமாக்! ஐயோ, கையிலயா தூக்கிட்டு வந்தாங்க? தேங்க்ஸாச்சும் சொன்னீங்களா?”

சொல்லவில்லை.

சற்றுமுன் வாசலுக்குப் போய், நேற்று வந்ததும் காலால் உதறிய அதே செருப்பைக் குனிந்து கையில் எடுத்து ஓரமாக வைத்தேன்.